நோயாளியின் பெயரும் நியூயார்க் நீதிமன்றமும்

திருவனந்தபுரம்: கொரோனா தொற்று ஓய்ந்த பிறகு "தகவல் தொற்று" ஒன்று பரவிவிடக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் கவலை தெரிவித்தது 2020 ஏப்ரல் 24-ஆம் தேதி. நீதிபதிகள் தேவன் ராமச்சந்திரன், டி.ஆர். ரவி ஆகியோர் அடங்கிய அமர்வு காணொலி வழியாக விசாரித்துப் பிறப்பித்த அந்த இடைக்கால உத்தரவு, அரசுகள் குடிமக்களின் சொந்த விவரங்களை எவ்வளவு அலட்சியமாகக் கையாளுகின்றன என்பதை அம்பலப்படுத்தியது. அதற்குப் பிறகு தில்லியில் தகவல் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் நிறைவேறியிருக்கிறது. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த உத்தரவை மீண்டும் படிப்பவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. அன்று நீதிமன்றம் கட்டாயம் என்று சொன்ன ஒன்றை, நாடாளுமன்றம் தேவையில்லை என்று எழுதி வைத்திருக்கிறது.

வழக்கின் மையத்தில் இருந்த கேள்வி எளிமையானது. வீட்டுத் தனிமையில் வைக்கப்பட்டவர்களின் பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண், உடல்நிலை ஆகியவை ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளுக்குள் சென்றது யாருடைய அனுமதியுடன்? அமைச்சரவையைக் கேட்டார்களா, சட்டத்துறையைக் கேட்டார்களா, சம்பந்தப்பட்ட நோயாளியைக் கேட்டார்களா? மூன்றுக்கும் தலைமைச் செயலகத்திடம் தெளிவான பதில் இருக்கவில்லை.

இலவசம் என்ற பொறி

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது கேரளத்தில்தான். 2020 ஜனவரி 30-ஆம் தேதி, திருச்சூரில். மார்ச் மாத இறுதிக்குள் வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்கள், அவர்களோடு பழகியவர்கள் என்று கண்காணிக்கப்பட வேண்டியவர்களின் பட்டியல் நாளுக்கு நாள் நீண்டது. வீடு வீடாகச் சென்ற ஆஷா பணியாளர்களும் உள்ளாட்சித் தொண்டர்களும் சேகரித்த விவரங்களை ஒரே இடத்தில் தொகுத்து அலச ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. அந்தத் தேவை உண்மையானது. அதை யாரும் மறுக்கவில்லை, நீதிமன்றமும் மறுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் "ஸ்பிரிங்க்ளர்" வந்தது. நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் ஒரு மலையாளி. பெரிய வணிக நிறுவனங்களைப் பற்றி வாடிக்கையாளர்கள் சமூக ஊடகங்களில் என்ன பேசுகிறார்கள் என்பதைத் தொகுத்துக் கொடுப்பதே இதன் தொழில். அந்த மென்பொருளை ஆறு மாத காலத்துக்கு இலவசமாகத் தருவதாக நிறுவனம் முன்வந்தது. ஏப்ரல் 2 தேதியிட்ட கொள்முதல் ஆணை மார்ச் 25 முதல் செப்டம்பர் 24 வரை செல்லும் என்று எழுதப்பட்டது. அதாவது, வேலை முதலில் தொடங்கிவிட்டது. காகிதம் பிறகு வந்தது.

அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரமேஷ் சென்னிதலா ஏப்ரல் 10-ஆம் தேதி இதை எழுப்பியபோது அரசு முதலில் அலட்சியம் காட்டியது. பிறகு ஆவணங்கள் வெளியாயின. ஒப்பந்தத்தில் ஏதேனும் தகராறு எழுந்தால் அதை விசாரிக்கும் அதிகாரம் நியூயார்க் நீதிமன்றங்களுக்கு என்றிருந்தது. ஒரு மென்பொருளை வாங்கும் தனியார் நிறுவனம் இப்படிக் கையெழுத்திட்டால் அது அந்த நிறுவனத்தின் பாடு. பத்தனம்திட்டையிலோ காசர்கோட்டிலோ தனிமையில் இருக்கும் ஒருவரின் மருத்துவ விவரம் கசிந்தால், அதற்காக மாநில அரசு நியூயார்க்கில் வக்கீல் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்ட அதிகாரி, அதை முழுவதும் படித்தாரா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

அந்த அதிகாரி அப்போதைய தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் எம். சிவசங்கர். முதல்வரின் முதன்மைச் செயலரும் அவரே. முடிவு தன்னுடையது என்று தொலைக்காட்சிப் பேட்டிகளில் அவரே பொறுப்பேற்றார். பணம் செலவாகாத சேவை என்பதால் சட்டத்துறையின் கருத்தைக் கேட்கத் தேவையில்லை என்பது அவர் தந்த விளக்கம். கூட்டணிக் கட்சியான இந்திய கம்யூனிஸ்ட் கட்சி முகம் சுளித்ததால், அதன் மாநில அலுவலகமான எம்.என். ஸ்மாரகத்துக்கே சென்று மாநிலச் செயலர் கானம் ராஜேந்திரனிடம் அவர் விளக்கம் அளிக்க நேர்ந்தது. ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி கட்சி அலுவலகப் படியேறி ஒப்பந்தத்தை நியாயப்படுத்தும் காட்சி கேரள அரசியலுக்கே புதிது. (பின்னர் வேறொரு விவகாரத்தில் அவர் பதவி இழந்ததும் கைதானதும் தனிக்கதை, இதனுடன் அதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.)

அரசுக் கணக்கில் இலவசம் என்றால் கேள்வி இல்லை என்ற இந்த நடைமுறைதான் ஆபத்தானது. 5 லட்சம் ரூபாய்க்கு நாற்காலி வாங்கினால் ஒப்பந்தப்புள்ளி, ஒப்பீடு, நிதித்துறை ஒப்புதல், தணிக்கை எல்லாம் உண்டு. லட்சக்கணக்கான மக்களின் உடல்நிலையைப் பற்றிய விவரங்களைக் கொடுத்தால் ஒன்றும் இல்லை, ஏனெனில் கருவூலத்திலிருந்து ஒரு பைசாவும் போகவில்லை. கொடுப்பது என்னவென்று கணக்கில் எழுத நம் அரசு அலுவலகங்களில் ஒரு பத்தியே கிடையாது.

இதன் மதிப்பு என்ன என்று கேட்பவர்கள் அந்த நாள்களைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். தனிமையில் இருப்பவர்களின் முகவரியைக் கர்நாடக அரசு வெளியிட்டது. சென்னையில் வீட்டுக் கதவுகளில் மாநகராட்சி அறிவிப்பு ஒட்டியது. நடிகர் கமல்ஹாசனின் ஆழ்வார்பேட்டை வீட்டில் தவறுதலாக ஒட்டிவிட்டுப் பிறகு அகற்றியது. உரிய சட்டத்தின் கீழ் தனி உத்தரவு இல்லாமல் இப்படி ஒட்டத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குள், பெயர் வெளியான குடும்பங்களுக்குப் பால்காரர் வரவில்லை, வீட்டு உரிமையாளர் முகம் கொடுக்கவில்லை என்ற கதைகள் எல்லா ஊரிலும் இருந்தன. இவையெல்லாம் ஒரு காகிதம் வெளியானதன் விளைவு. கணினியில் சேர்ந்த விவரம் காகிதத்தைப் போல் கிழிந்து போவதில்லை.

நீதிமன்றம் சொன்னது

உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. தொற்றுக் காலத்தில் அரசின் கையைக் கட்டிப்போட விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் நிபந்தனைகள் விதித்தது. பெயர் முதலிய அடையாளங்களை நீக்கிய பிறகே விவரங்களை நிறுவனம் பார்க்கலாம். மூன்றாம் தரப்பு நிறுவனம் ஒன்று இதைப் பார்க்கக்கூடும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். கேரள நோயாளிகளின் விவரம் தங்களிடம் இருப்பதாக நிறுவனம் எங்கும் விளம்பரப்படுத்தக் கூடாது. அரசின் பெயரையோ சின்னத்தையோ பயன்படுத்தக் கூடாது. ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இவற்றில் எதுவும் அரிய கண்டுபிடிப்பு அல்ல. அரைப் பக்கத்தில் எழுதக்கூடிய நிபந்தனைகள். தலைமைச் செயலகத்தில் ஓர் இளநிலைச் சட்ட அலுவலரிடம் கோப்பு போயிருந்தால் அவரே எழுதியிருப்பார். போகவில்லை.

அடுத்து நடந்ததுதான் சுவையானது. இந்த நிறுவனத்தின் உதவியில்லாமல் இவ்வளவு தகவலைக் கையாள முடியாது என்று ஏப்ரலில் வாதிட்ட அரசு, மே மாதம் 21-ஆம் தேதி அதே நீதிமன்றத்தில், விவரங்களை அலசும் பணியில் இனி ஸ்பிரிங்க்ளருக்குப் பங்கில்லை என்றும், எல்லாத் தகவலும் அரசின் "சி-டிட்" நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டது என்றும் தெரிவித்தது. முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று ஒரே மாதத்தில் முடிந்தது.

வெள்ளையம்பலத்தில் இல்லாத திறமையா?

இதில் உறுத்தும் விஷயம், இது நடந்த இடம். திருவனந்தபுரத்தில் 1990-இலேயே டெக்னோபார்க் வந்துவிட்டது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்று பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் ஊர் இது. அதற்கும் முன்னால் 1973-இல் கெல்ட்ரான். வெள்ளையம்பலத்தில் கெல்ட்ரான் தலைமையகமும் மத்திய அரசின் சி-டாக் மையமும் அருகருகே இருக்கின்றன. திருவல்லத்தில் சி-டிட். கட்டற்ற மென்பொருளுக்கென்று மாநில அரசே நிறுவிய ஆய்வு மையமும் தலைநகரில்தான் இருக்கிறது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் பேசாத காலத்தில், யாரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருளே மக்களுக்கு ஏற்றது என்று பேசிய அரசு கேரள அரசு. பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. அந்த இயக்கத்தின் தந்தையான ரிச்சர்ட் ஸ்டால்மன் 2006-இல் இங்கு வந்தபோது, அச்சுதானந்தன் ஆட்சி அவருக்குச் செவிசாய்த்தது. மாணவனின் மேசையில் அமெரிக்க நிறுவனத்தின் பூட்டிய மென்பொருள் கூடாது என்று கொள்கை வகுத்த இடதுசாரி அரசு, நோயாளியின் படுக்கையருகே அதை அனுமதித்தது எப்படி என்பதை அந்தக் கட்சியின் கோட்பாட்டாளர்கள் இன்றுவரை விளக்கவில்லை.

இதே வெள்ளையம்பலத்தில் 2016-இல் ஒரு திருட்டு நடந்தது. ஆல்தறை சந்திப்பிலிருந்த ஏ.டி.எம். ஒன்றில், புகை உணரும் கருவி போன்ற ஒன்றுக்குள் கேமராவை மறைத்து வைத்து அட்டை விவரங்களைத் திருடிய ருமேனிய நாட்டவர்கள், மும்பையிலிருந்து பணத்தை எடுத்தார்கள். கணக்கில் பணம் குறைந்ததாகச் செல்போனில் செய்தி வந்ததும் மக்கள் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் ஓடினார்கள். சில நாள்களிலேயே ஒருவன் மும்பையில் பிடிபட்டான். பணம் போனால் செய்தி வருகிறது. விவரம் போனால் யாருக்கும் செய்தி வருவதில்லை. அதனால்தான் இரண்டாவது திருட்டுக்கு அரசியல் விலை இவ்வளவு மலிவாக இருக்கிறது.

எல்லோரும் ஒரே குட்டையில்

ஸ்பிரிங்க்ளர் விவகாரத்தில் காங்கிரஸ் எழுப்பிய கேள்விகள் அனைத்தும் நியாயமானவை. ஆனால் 2009 ஜனவரியில் ஒரு நிர்வாக ஆணையின் பேரில் ஆதார் ஆணையத்தை அமைத்து, எந்தச் சட்டமும் இல்லாமல் கோடிக்கணக்கானவர்களின் கைரேகையையும் கருவிழிப் பதிவையும் எடுக்கத் தொடங்கியது காங்கிரஸ் தலைமையிலான அரசுதான். ஆதார் சட்டம் வந்தது 2016-இல். அதைப் பண மசோதாவாக்கி மாநிலங்களவையின் வாக்கை அர்த்தமற்றதாக்கியது பாரதிய ஜனதா அரசு. அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே அல்ல என்று 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டவர் அந்த அரசின் தலைமை வழக்கறிஞர் முகுல் ரோத்தகி. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்த வாதத்தை நிராகரித்தார்கள். அதே மத்திய அரசு, ஸ்பிரிங்க்ளர் வழக்கில், இந்தப் பணியைத் தேசிய தகவலியல் மையமே செய்து தந்திருக்க முடியும் என்று அக்கறையுடன் மனு தாக்கல் செய்தது.

மார்க்சிஸ்ட் கட்சியோ, ஆதார் மசோதாவை நாடாளுமன்றத்தில் கடுமையாக எதிர்த்த கட்சி. மாநிலங்களவையில் சீதாராம் யெச்சூரி அன்று எழுப்பிய ஆட்சேபங்களைத் தேதியை மட்டும் மாற்றி ஸ்பிரிங்க்ளர் ஒப்பந்தத்தின் மீதும் ஒட்டியிருக்கலாம். எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும்போது எல்லாக் கட்சிகளும் அந்தரங்க உரிமையின் காவலர்கள். ஆட்சிக்கு வந்ததும் முதலில் மறந்துபோவதும் அதுவே.

ஒரே ஆண்டில் மூன்று பின்வாங்கல்

2020-ஆம் ஆண்டில் மட்டும் கேரள அரசு இந்த விஷயத்தில் மூன்று முறை பின்வாங்கியது. முதலாவது மேலே சொன்னது. இரண்டாவது ஆகஸ்டில். தொற்று உறுதியானவர்கள் யாரையெல்லாம் சந்தித்தார்கள் என்று கண்டறிய அவர்களது செல்போன் அழைப்பு விவரங்களைக் காவல்துறை திரட்டத் தொடங்கியது. யாரிடம் எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் பேசினார் என்பதற்கும் கிருமிப் பரவலுக்கும் என்ன தொடர்பு? எதிர்ப்பு கிளம்பி வழக்கு வந்ததும், செல்போன் கோபுரத்தைக் கொண்டு இருப்பிடத்தை அறிந்தால் போதும் என்று அரசு இறங்கி வந்தது.

மூன்றாவதுதான் நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த ஆண்டு இணையத்தில் பெண்களை இழிவாகப் பேசுவோர் மீது காவல்துறை நடவடிக்கை எடுப்பதில்லை என்ற கோபம் கேரளத்தில் முற்றியது. கோபம் நியாயமானது. அதற்கு அரசு கண்ட தீர்வு, கேரளக் காவல் சட்டத்தில் 118-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் அவசரச் சட்டம். ஆளுநர் ஆரிஃப் முகமது கான் நவம்பர் 21-ஆம் தேதி அதில் கையெழுத்திட்டார். பிறரை மிரட்டும், இழிவுபடுத்தும், அவதூறு செய்யும் பொய்ச் செய்தியை எந்தத் தகவல் ஊடகத்தின் வழியாக வெளியிட்டாலும் 3 ஆண்டு வரை சிறை அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பெண்கள் என்ற சொல்லோ இணையம் என்ற சொல்லோ பிரிவின் வரம்பாக இல்லை. இந்த நாளிதழும் அதற்குள் வரும். நேயரின் தேநீர்க் கடைப் பேச்சை யாராவது பதிவு செய்து அனுப்பினால் அதுவும் வரும்.

இந்தச் சட்டத்தின் முந்தைய வடிவமான 118-டி பிரிவை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவுடன் சேர்த்து 2015 மார்ச் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்திருந்தது. ஐந்தரை ஆண்டு கழித்து அதே எண்ணை ஒட்டி அதே பிசாசைத் திரும்பவும் அழைத்தார்கள். தில்லியில் கட்சித் தலைமையே சங்கடப்பட்டது. இந்தச் சட்டம் அமல்படுத்தப்படாது என்று 23-ஆம் தேதி அப்போதைய முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். 25-ஆம் தேதி அதை ரத்து செய்ய இன்னோர் அவசரச் சட்டம். ஐந்து நாளில் பிறந்து மறைந்த சட்டம். பெண்களின் புகார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று முறையும் கேரள அரசு பின்வாங்கியது என்பதை அந்த மாநிலத்தின் பலமாகவும் பார்க்கலாம். உரக்கக் கத்தும் எதிர்க்கட்சி, விடாமல் துருவும் பத்திரிகைகள், உடனே கதவைத் திறந்த நீதிமன்றம் மூன்றும் அங்கே இருந்தன. விடுதி மாணவி ஒருவர் செல்போன் தடையை எதிர்த்துப் போட்ட வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி பி.வி. ஆஷா இதே உயர் நீதிமன்றத்தைச் சேர்ந்தவர். தமிழகத்தில் காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் 2024 மே மாதம் ஊடுருவல் நடந்த செய்தி வந்தது. எத்தனை நாள் அதைப் பற்றிப் பேசினோம்?

வீட்டுக்கு வந்த புகைப்படம்

தகவல் கசிந்தால்தான் ஆபத்து என்றில்லை. எல்லாம் ஒழுங்காக இயங்கும்போதும் ஆபத்து உண்டு என்பதற்குத் தலைநகரிலேயே ஒரு சான்று இருக்கிறது. கெல்ட்ரான் மூலம் மாநிலம் முழுவதும் சாலைகளில் 726 கேமராக்களை நிறுவியது மோட்டார் வாகனத் துறை. 2023 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் ஒருவர் தலைக்கவசம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டினார். பின்னால் ஒரு பெண். வண்டி மனைவியின் பெயரில் பதிவானது. விதிமீறல் அறிவிப்பு, படத்துடன், மனைவியின் செல்போனுக்குப் போனது. வீட்டில் சண்டை. கணவர் தன்னையும் குழந்தையையும் அடித்ததாக மனைவி கரமனை காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்; கணவர் கைதானார்.

நாட்டின் எல்லாச் செய்தித்தாள்களும் இதை நகைச்சுவைத் துணுக்காக வெளியிட்டன. சிரிக்க இதில் ஒன்றுமில்லை. அடி வாங்கியவர் ஒரு பெண், குழந்தைக்கும் அடி. படத்தில் இருந்த இன்னொரு பெண், வழியில் ஏற்றிக்கொண்டவராகவே இருந்தாலும், எந்தக் குற்றமும் செய்யாதவர். வண்டியின் எண்ணும் ஓட்டுநரின் வெறுந்தலையும் தெரிந்தால் போதுமான ஒரு அறிவிப்பில், பின்னால் இருந்தவரின் முகம் எதற்கு? கேமரா வாங்கியதில் யாருக்கு எவ்வளவு கமிஷன் என்று மாதக்கணக்கில் மோதிக்கொண்ட கட்சிகளில் எதுவும் இந்தக் கேள்வியைப் பெரிதாக்கவில்லை. ஊழல் குற்றச்சாட்டுக்கு வாக்கு உண்டு. முகத்தை மறைக்கச் சொல்லும் கோரிக்கைக்கு வாக்கு இல்லை.

மருத்துவமனைகளின் நிலை இதைவிட மோசம். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடக்கப்பட்டு, நாள்கணக்கில் எல்லாம் கையால் எழுதப்பட்டன. 2024 ஏப்ரல் இறுதியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் கணினிகள் தாக்கப்பட்டு, கதிர்வீச்சுச் சிகிச்சை தடைபட்டது. தென் தமிழகத்திலிருந்து, குறிப்பாகக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து, ஏழை நோயாளிகள் ரயில் ஏறிச் செல்லும் மருத்துவமனை அது. கதிர்வீச்சுக்குத் தேதி குறித்து வந்தவரைத் திருப்பி அனுப்பினால், அவருக்கு அது கணினிச் செய்தி அல்ல.

இடையில் 2023 ஜூனில், தடுப்பூசிக்காகக் "கோவின்" தளத்தில் பதிந்தவர்களின் விவரங்கள், செல்போன் எண்ணைத் தட்டினால் டெலிகிராம் செயலியில் வந்து விழுந்தன. செய்தி ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்றது மத்திய சுகாதார அமைச்சகம். அதே மாதத்தில் அது தொடர்பாக தில்லி காவல்துறை ஒருவரைக் கைது செய்தது. ஆதாரமற்ற செய்திக்கு ஒரு கைதி!

தில்லி எழுதிய சட்டம்

இத்தனைக்கும் மருந்தாக வந்ததுதான் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மின்னணு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் வெளியானது 2025 நவம்பரில்; இரண்டு ஆண்டுக்கும் மேல் ஆயிற்று.

சட்டத்தில் நல்லவை இல்லாமல் இல்லை. தகவலைத் திரட்டும் அமைப்பு, அதை அலசும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்தால் முறையான ஒப்பந்தம் இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் திரட்டிய அமைப்பே பொறுப்பு. பாதுகாப்பு ஏற்பாடுகளில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கசிவு நேர்ந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த அளவுக்கு 2020-இல் இருந்ததைவிட முன்னேற்றமே.

ஆனால் 7-ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். ஒப்புதல் இல்லாமலே ஒருவரின் விவரத்தைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் அனுமதிக்கும் சந்தர்ப்பங்களின் பட்டியல் அது. அரசு மானியமும் சலுகையும் தருவது ஒரு சந்தர்ப்பம். கொள்ளைநோய் பரவும்போது மருத்துவச் சிகிச்சையோ சுகாதாரச் சேவையோ அளிப்பது இன்னொன்று. கேரள உயர் நீதிமன்றம், கொள்ளைநோய்க்கு நடுவிலும் ஒவ்வொருவரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்கு என்றது. நாடாளுமன்றம், கொள்ளைநோய் என்றால் ஒப்புதலே வேண்டாம் என்கிறது. பெயரை நீக்கிவிட்டுக் கொடு என்ற நிபந்தனையும் அந்தப் பிரிவில் இல்லை. நாளை இன்னொரு தொற்று வந்து இன்னொரு செயலர் இன்னொரு இலவச மென்பொருளில் கையெழுத்திட்டால், 2020-இல் வழக்குப் போட்டவர்களுக்கு இருந்த பிடி வருங்காலத்தில் வழக்குப் போடுகிறவர்களுக்கு இருக்காது. தகவல் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் ஓட்டையை அடைப்பதற்குப் பதில் அதற்கு நிலைப்படி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

17-ஆவது பிரிவு இன்னும் தாராளம். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் சட்டத்திலிருந்தே மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். வெளிநாட்டுக்குத் தகவல் போவதற்கும் பொதுவாகத் தடையில்லை. மத்திய அரசு தடை செய்யும் நாடுகள் மட்டும் விலக்கு. புகாரை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசே. வாரியத்தின் முன் எதிர்த்தரப்பாக நிற்கப்போவது பெரும்பாலும் யார் என்று யோசித்தால் இந்த ஏற்பாட்டின் அழகு புரியும்.

அபராதம் யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்கலாம். 250 கோடியும் அரசின் தொகுப்பு நிதிக்கே. விவரம் கசிந்து அவதிப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் கிடையாது. அலட்சியமாக இருந்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவையும் நீக்க இதே சட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது. மாறாக, பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் புகார்தாரருக்கு 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

கடைசியாக, தகவல் பெறும் உரிமைச் சட்டம். தனிநபர் தொடர்பான தகவலைத் தர மறுக்கலாம், ஆனால் பரந்த பொது நலன் இருந்தால் தர வேண்டும் என்றிருந்த 8(1)(ஜே) பிரிவை, 2023 சட்டம் ஒரே வரியில் சுருக்கிவிட்டது. தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம், அவ்வளவுதான். பொது நலன் கருதித் தரலாம் என்ற பொதுவான 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்று அமைச்சர்கள் சமாதானம் சொல்கிறார்கள். தர வேண்டும் என்பதற்கும் தரலாம் என்பதற்கும் உள்ள தூரத்தை, தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்த எவரும் அறிவார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யார், கோப்பு யார் மேசைக்குப் போகவில்லை என்ற கேள்விகளே ஸ்பிரிங்க்ளர் விவகாரத்தின் உயிர். இனி அப்படிக் கேட்பவருக்கு, அது அந்த அதிகாரியின் தனிப்பட்ட தகவல் என்று ஒரு வரியில் பதில் வரலாம்.

2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைச் சுருக்கிய அந்தத் திருத்தம் உடனே அமலுக்கு வந்தது. ஒப்புதல், பாதுகாப்பு, கசிவைத் தெரிவித்தல் ஆகிய கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அவற்றுக்கான தேதி 2027 மே மாதம்.